வேண்டுமென்றே பூஜ்ஜியம் வாங்கிய ஸ்பைடர்மேன்!

சூப்பர் ஹீரோ படம் என்றாலே வீட்டில் இரண்டு கட்சி. ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஒரு கட்சி. 'மறுபடியும் கட்டடம் இடியப்போகுதா?' என்று கேட்டுவிட்டு எழுந்துபோகும் பெரியவர்கள் இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சியையும் ஒரே சோபாவில் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கிற படம் ஒன்று இருக்கிறது. அதுவும் அனிமேஷன் படம். 2018 டிசம்பரில் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்'.

இந்தப் படத்தின் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வண்ணத்தைப் பற்றிச் சொல்வார்கள், பாட்டைப் பற்றிச் சொல்வார்கள், ஒரே படத்தில் ஆறு ஸ்பைடர்மேன்கள் வருவதைச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால், இத்தனை வருடம் கழித்தும் இந்தப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கவைப்பது ஒரு பையனின் விடைத்தாளும், அவன் அப்பா சொல்லும் ஒரே ஒரு வாக்கியமும்தான்.

பையன் பெயர் மைல்ஸ் மொராலஸ். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதி. அப்பா ஜெஃபர்சன் கறுப்பினத்தவர், போலீஸ்காரர். அம்மா ரியோ போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி, நர்ஸ். வீட்டில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்துதான் பேச்சு. தெருவில் இறங்கி நடந்தால் பழைய பள்ளிக்கூட நண்பர்கள் ஆளுக்கொரு பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள். அங்கே அவன் ராஜா.

அந்தத் தெருவிலிருந்து அவனைப் பிரித்து 'விஷன்ஸ் அகாடமி' என்ற பெரிய பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். வார நாள்களில் ஹாஸ்டல் வாசம். அவன் நுழைவுத் தேர்வும் எழுதியவன்தான். ஆனாலும், குலுக்கலில் பெயர் வந்ததால்தான் இங்கே இருக்கிறோம் என்று அவனுக்குள் ஒரு குமைச்சல். தன்னைவிட எல்லோரும் புத்திசாலிகள், தனக்கு இங்கே இடமில்லை என்ற நினைப்பு.

முதல் சில நிமிடங்களிலேயே அப்பாவையும் பிள்ளையையும் காட்டிவிடுகிறார்கள். போலீஸ் காரில் கொண்டுவந்து பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறார் ஜெஃபர்சன். பையன் ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று நடக்கிறான். அப்பா விடவில்லை. 'ஐ லவ் யூ' என்று சொன்னதற்குப் பதில் வேண்டும் என்று கார் ஒலிபெருக்கியில் கேட்கிறார்! பள்ளி வாசலே திரும்பிப் பார்க்கிறது. வேறு வழியில்லாமல் முணுமுணுப்பாகச் சொல்லிவிட்டு ஓடுகிறான் மைல்ஸ். அரங்கமே சிரித்த காட்சி. சிரித்துவிட்டு மறந்துவிடுவோம் என்று தெரிந்துதான் இயக்குநர்கள் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது அந்த விடைத்தாள். 'சரியா, தவறா' என்று டிக் அடிக்கும் தேர்வு. மைல்ஸுக்கு பூஜ்ஜியம். ஆசிரியை திட்டவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் டிக் அடித்திருந்தால்கூட ஏறக்குறைய பாதி சரியாக வந்திருக்கும். எல்லாவற்றையும் தவறாக எழுத வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். பூஜ்ஜியத்தை அழித்து 100 போடுகிறார். மார்க் குறைந்தால் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்கள், பழைய தெருவுக்கே போய்விடலாம் என்பது பையனின் கணக்கு. அது பலிக்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு கட்டுரை வேறு: நீ எப்படிப்பட்ட ஆளாக ஆகப்போகிறாய் என்று எழுதி வா!

ஒரு குழந்தை தோற்பதற்காக இத்தனை புத்தியைச் செலவழிக்கிறது என்றால் அதன் தலைமேல் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்? அதிசயச் சிலந்தி இன்னும் கடிக்கவே இல்லை. அதற்குள் கதையின் முடிச்சு விழுந்தாயிற்று.

கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அவன் போவது சித்தப்பா ஆரன் வீட்டுக்கு. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள். மூத்தவரா, இளையவரா என்ற விசாரணையை விட்டுவிட்டு, பையனிடம் அவர் பழகுவதைப் பார்த்தால் சித்தப்பாவேதான். அப்பா 'படி' என்கிறார். சித்தப்பா 'வா, ஒரு இடம் காட்டுறேன்' என்கிறார். சுரங்க ரயில் பாதைக்குள் யாரும் வராத ஒரு சுவர். அதில் மைல்ஸ் ஸ்பிரே பெயின்ட்டால் பெரிதாக ஒரு படம் வரைகிறான். நடுவில் தன் உருவத்தை மட்டும் வெற்றிடமாக விட்டுவிட்டு, எந்த எதிர்பார்ப்பும் வேண்டாம் என்கிற பொருளில் 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று எழுதுகிறான். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய நாவலின் பெயருக்கு ஒரு பள்ளிப் பையனின் குறும்புப் பதில் அது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் சிலந்தி கடிக்கிறது.

அதன் பிறகு நடப்பது நமக்குப் பழக்கமான கதை போலத் தொடங்கி வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. கை ஒட்டிக்கொள்கிறது. ஒரு பெண்ணின் கூந்தலில் ஒட்டி, கடைசியில் முடியையே வெட்ட வேண்டியதாகிறது. காமிக்ஸ் புத்தகத்தில் வருவது மாதிரி மனக்குரல் கட்டம் கட்டமாகத் திரையில் வருகிறது. என் மனசுக்குள் கேட்கும் குரல் ஏன் இவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அவனே மிரள்கிறான். அந்த நேரத்தில் ஊரறிந்த ஒரிஜினல் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கரைச் சந்திக்கிறான். சந்தித்த கொஞ்ச நேரத்தில் கண் முன்னாலேயே வில்லன் கிங்பின் பீட்டரைக் கொன்றுவிடுகிறான். சொல்லிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவர் செத்துப்போய்விட்டார். வேலை மட்டும் பையன் கையில் மிச்சம்.

கிங்பினின் ராட்சத இயந்திரம் வேறு வேறு உலகங்களுக்கு வாசல் திறந்துவிட, ஒவ்வொரு உலகத்திலிருந்தும் ஒரு ஸ்பைடர்மேன் வந்து விழுகிறார். முதலில் வருபவர் நடுத்தர வயது பீட்டர் பி. பார்க்கர். விவாகரத்து ஆனவர். தொந்தி விழுந்து, தொளதொள பேன்ட்டில் பீட்சா தின்றுகொண்டு திரிபவர். இவர்தான் வாத்தியார்! மாணவனுக்கு வாத்தியார் மேல் நம்பிக்கை இல்லை, வாத்தியாருக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. இந்த ஜோடியின் சண்டைகள்தான் படத்தின் பாதி நகைச்சுவை.

மைல்ஸ் முதலில் காமிக்ஸில்தான் பிறந்தான். 2011இல் மார்வெல் வெளியிட்ட இதழில், பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, சாரா பிச்செல்லி வரைய அறிமுகமானவன். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய பீட்டர் பார்க்கரின் இடத்துக்கு ஒரு கறுப்பினச் சிறுவனா என்று அப்போது முகம் சுளித்தவர்களும் உண்டு. 'உனக்கு இங்கே இடமில்லை' என்பதைக் கதைக்குள் மட்டுமின்றிக் கதைக்கு வெளியேயும் கேட்டு வளர்ந்த பாத்திரம் மைல்ஸ்.

பாதிப் படங்களில் ஓடும் பையன்

ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மாளாத விஷயம் ஒன்று. தெரிந்துகொண்டு பார்த்தால் குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம்கள். கம்ப்யூட்டர் அனிமேஷன் படங்களில் பொதுவாக 24 ஃப்ரேமிலும் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக அசையும். அதனால்தான் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. இந்தப் படத்தில் பல இடங்களில் ஒரே நிலையை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்திவைத்தார்கள். அதாவது நொடிக்கு 12 அசைவுகள்தான். பழைய காலத்துக் கையால் வரைந்த கார்ட்டூன் போல ஒரு வெடுக்கென்ற தன்மை வந்துவிட்டது.

இதையே கதை சொல்லவும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதில்தான் சூட்சுமம். காட்டுக்குள் பீட்டரும் மைல்ஸும் மரத்துக்கு மரம் வலைநூல் வீசித் தப்பிக்கும் காட்சியைக் கவனியுங்கள். அனுபவசாலி பீட்டர் 24 அசைவுகளில் சறுக்கிக்கொண்டு போகிறார். பக்கத்திலேயே மைல்ஸ் 12 அசைவுகளில் தட்டுத்தடுமாறிப் போகிறான். ஒரே காட்சி, ஒரே மரங்கள், இரண்டு பேருக்கு இரண்டு வேகம். கண்ணுக்குக் காரணம் தெரியாது. ஆனால், இவனுக்கு இன்னும் கை வரவில்லை என்று மனசுக்குப் புரிந்துவிடுகிறது. கடைசியில் அவன் உண்மையாகவே ஸ்பைடர்மேன் ஆகும்போது அவன் அசைவும் 24க்கு வந்துவிடுகிறது. கற்றுக்கொள்வதை வசனத்தில் சொல்லாமல் ஃப்ரேம் கணக்கிலேயே சொன்ன படம் வேறு உண்டா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

மற்ற வேலைப்பாடுகளும் இப்படித்தான். மலிவான காகிதத்தில் அச்சடித்த பழைய காமிக்ஸில் தெரியும் புள்ளிகள், வண்ணம் கோட்டை விட்டு லேசாக விலகி அச்சான தோற்றம், அடி விழுந்தால் எழுத்தாகவே பறக்கும் சத்தம் என்று ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருப்பதை மங்கலாகக் காட்டுவதற்குப் பதில் அந்த அச்சுப்பிழைத் தோற்றத்தைக் கொடுத்திருக்கிறார்கள். திருப்தியான 10 நொடிக் காட்சியை எடுக்கவே தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனதாம். 140க்கும் மேற்பட்ட அனிமேட்டர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். இயக்கியவர்கள் மூன்று பேர்: பாப் பெர்சிகெட்டி, பீட்டர் ராம்சி, ரோட்னி ராத்மேன். திரைக்கதை ராத்மேனும் ஃபில் லார்டும். 2019இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆறு வருடங்களும் அந்த விருதை டிஸ்னி, பிக்ஸார் படங்களே தொடர்ந்து கொண்டுபோயிருந்தன. அந்தப் பிரிவில் ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பின இயக்குநர் பீட்டர் ராம்சி.

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம்

சரி, அப்பாவின் வாக்கியத்துக்கு வருவோம். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம். இனிமேல் ரகசியங்கள் உடையும்.

மைல்ஸைத் துரத்தித் துரத்தி வரும் முகமூடி அடியாள் 'ப்ரௌலர்' வேறு யாருமில்லை, சித்தப்பா ஆரன்தான். பையன் தன் முகமூடியைக் கழற்றிக் காட்டும்போது ஆரனின் கை தளர்ந்துவிடுகிறது. கொல்லச் சொன்ன முதலாளி கிங்பின் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆரனைச் சுட்டுவிடுகிறான். ஒரு சந்துக்குள் மைல்ஸின் கையில் சித்தப்பாவின் உயிர் போகிறது. அங்கே வந்து சேரும் போலீஸ்காரர், இறந்தவரின் சகோதரர் ஜெஃபர்சன். யாரோ ஒரு ஸ்பைடர்மேன்தான் கொன்றுவிட்டான் என்று நினைத்து அவனைப் பிடிக்க உத்தரவு போடுகிறார். தன் மகனைத்தான் தேடச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

ஹாஸ்டல் அறைக்கு ஓடிவருகிறான் மைல்ஸ். மற்ற ஸ்பைடர்மேன்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் இழந்தவரைச் சொல்கிறார்கள். ஆனாலும், நீ இன்னும் தயாராகவில்லை, சண்டைக்கு வந்தால் செத்துவிடுவாய் என்று சொல்லி, அவனை நாற்காலியோடு வலைநூலால் கட்டி, வாயையும் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார் பீட்டர்.

அப்போது கதவைத் தட்டுகிறார் அப்பா.

சகோதரனை இழந்துவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். உள்ளேயிருந்து பதில் இல்லை. கதவிடுக்கில் நிழல் அசைவது தெரிகிறது. மகன் பேசப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறார். உள்ளே பையன் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறான். அப்பாவால் சாவுச் செய்தியைச் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைக்கிறது. மனிதர்கள் சில சமயம் விலகிப்போய்விடுகிறார்கள், நமக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று மட்டும் சொல்கிறார். உனக்குள் ஒரு பொறி இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் உன்னை இந்த விரட்டு விரட்டுகிறேன், ஆனால் அது உன்னுடையது, அதை வைத்து நீ எதைச் செய்தாலும் நன்றாகத்தான் செய்வாய் என்கிறார். 'ஐ லவ் யூ' என்கிறார்.

கூடவே இன்னொன்றும் சொல்கிறார். நீ திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி வாசலில் ஒலிபெருக்கி வைத்துப் பதிலைப் பிடுங்கிய அதே மனிதர்! அந்தச் சிரிப்புக் காட்சி எதற்காக இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. விடைத்தாளின் பூஜ்ஜியத்துக்கும் இங்கேதான் பதில். பையன் பயந்தது படிப்புக்கு இல்லை. அவன் யாராக வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவுசெய்துவிட்டார்களே என்றுதான் பயந்தான். 'அது உன்னுடையது' என்று அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அதுவும் கேட்கிறானா என்று தெரியாமலே கொடுக்கிறார்.

இந்தக் காட்சியில் பறத்தல் இல்லை, சண்டை இல்லை, வண்ணம்கூடக் கொஞ்சம்தான். ஒரு கதவு, இரண்டு பக்கமும் இரண்டு முகங்கள். அப்பாவுக்குக் குரல் கொடுத்திருக்கும் பிரையன் டைரி ஹென்றி, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுபவரின் மூச்சை அப்படியே கொண்டுவந்திருக்கிறார். டப்பிங்கில் பார்ப்பவர்கள் இந்த ஒரு காட்சியை மட்டுமாவது ஆங்கிலத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

அப்பா போன பிறகுதான் பையன் கட்டை அறுக்கிறான். கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வித்தையும், தொட்டால் மின்சாரமாகப் பாயும் சக்தியும் அவன் சொன்னபடி கேட்கின்றன. தானே கறுப்பு பெயின்ட் அடித்துக்கொண்ட உடையில் வானுயரக் கட்டடத்தின் உச்சிக்குப் போய்க் குதிக்கிறான்.

முன்பும் ஒருமுறை குதிக்கப் போனவன்தான் அவன். ஒரு கட்டடத்தின் மேலே ஏறி, எட்டிப்பார்த்து, பயந்து இறங்கி, பக்கத்தில் இருக்கும் குள்ளமான கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயும் அவிழ்ந்த ஷூ லேஸ் தடுக்கி விழுந்தவன்! இந்த முறை கேமராவைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறார்கள். நகரம் மேலே தொங்குகிறது. விழுகிறவன் எழும்புவது போல இருக்கிறது. அந்த ஒரு ஷாட்டைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் ரசிகர்கள் ஏராளம்.

ஆனால், கவனித்துப் பார்க்க வேண்டியது அதற்கு அரை நொடி முந்தைய விஷயம். குதிக்கும்போது அவன் விரல்கள் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கை விடவில்லை. கண்ணாடிதான் உடைந்து தூளாகப் பறக்கிறது. பதற்றம் வந்தால் அவன் கை ஒட்டிக்கொள்ளும் என்று படம் முன்னாலேயே சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் குதிக்கும்போதும் பயம் போகவில்லை. பயத்தோடுதான் குதிக்கிறான். வீரம் வந்ததும் பயம் பறந்துவிடும் என்று கதை விடுகிற சூப்பர் ஹீரோ படங்களுக்கு நடுவில், இப்படி ஒரு சின்ன உண்மையைக் கண்ணாடித் துண்டுகளில் வைத்ததற்கே இன்னொரு ஆஸ்கர் கொடுக்கலாம்.

வில்லனையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். சுவர் மாதிரி அகலமான கறுப்பு கோட்டுக்குள் குட்டித் தலையோடு வரும் கிங்பினும் ஒரு அப்பாதான். அவன் ஸ்பைடர்மேனை அடிப்பதைப் பார்த்துப் பதறி ஓடிய மனைவியும் மகனும் கார் விபத்தில் இறந்துபோனார்கள். வேறு உலகத்திலிருந்து அதே போன்ற மனைவியையும் மகனையும் இழுத்துவரத்தான் ஊரே அழிந்தாலும் பரவாயில்லை என்று இயந்திரத்தை ஓட்டுகிறான். அவர்கள் வருகிறார்கள். வந்தவர்களும் அவனைப் பார்த்துப் பயந்து விலகுகிறார்கள். ஒரு அப்பா கதவுக்கு வெளியே நின்று பதிலே வேண்டாம் என்கிறார். இன்னொரு அப்பா உலகத்தின் சுவரையே உடைத்துக் குடும்பத்தைப் பிடித்து இழுக்கிறார். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு வசனம் எதுவும் பேசாமல் நகர்ந்துவிடுகிறது படம்.

குறைகளும் இருக்கின்றன. கடைசி இருபது நிமிடச் சண்டையில் வண்ணம் பொங்கி வழிந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போகிறது. கறுப்பு வெள்ளை உலகத்திலிருந்து வந்த நுவார், ரூபிக் கியூபைப் பார்த்து வண்ணம் புரியாமல் திகைப்பதும், பன்றி வடிவ ஸ்பைடர்-ஹாம் பெரிய சுத்தியலை எடுப்பதும் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், ரோபோவோடு வரும் பெனி பார்க்கரை அறிமுகம் செய்ததோடு மறந்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய குறை அம்மா. ரியோவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காட்சியும் இல்லை. அப்பா-மகன் கதை என்பதற்காக அம்மாவைச் சமையலறை ஓரத்திலேயே நிறுத்தியது நியாயமில்லை.

2023இல் வந்த இரண்டாம் பாகம் 'அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' அந்தக் கடனை அடைத்தது. மொட்டை மாடியில் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உனக்கு இடமில்லை என்று எவனும் சொல்லவிடாதே என்கிற பொருளில் அம்மா பேசும் இடம், கதவுக் காட்சிக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. அந்தப் படம் இந்தியாவில் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் வெளியானது. மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த 'மும்பாட்டன்' என்ற ஊரும், அங்கே வலைநூல் வீசும் பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேனும் அதில் உண்டு. 'சாய் டீ' என்று வாய் தவறிச் சொன்ன மைல்ஸிடம், சாய் என்றாலே டீதானே, 'டீ டீ' என்றா சொல்கிறாய் என்று அவன் வெடிப்பதற்குத் தனிக் கைத்தட்டல். அழகில் முதல் பாகத்தை மிஞ்சிய படம்தான். ஆனால், கதையை நட்டாற்றில் நிறுத்திவிட்டுத் 'தொடரும்' போட்டுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, முடிந்து, நெஞ்சில் தங்குகிற கதை வேண்டும் என்றால் முதல் பாகம்தான். சாம் ரெய்மியின் 2004 'ஸ்பைடர்மேன் 2'தான் உச்சம் என்று அடித்துப் பேசும் பழைய ரசிகர்களுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு: அதில் ஸ்பைடர்மேனாக இருப்பதன் வலி இருக்கிறது. இதில் ஸ்பைடர்மேனாக ஆவதன் வலி இருக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டாவதுதான் அவர்களுக்கு நெருக்கம்.

வீட்டில் போடும் முன்பு சில விஷயங்கள். படம் ஒரு மணி 57 நிமிடம். இயந்திரம் ஓடும் காட்சிகளில் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கிறது. வலிப்புப் பிரச்னை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் தவிர்க்கவும். ப்ரௌலர் வரும்போதெல்லாம் இசையமைப்பாளர் டேனியல் பெம்பர்டன் ஒரு அலறலை எழுப்புகிறார். பெரியவர்களுக்கே முதுகு சில்லிடும். சின்னக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொட்டுவதில்லை. ஆனால், பிரியமான இரண்டு பேர் சாகிறார்கள். அதுவும் ஒரு சித்தப்பா. பார்த்து முடித்த பிறகு கேள்விகள் வரும்.

கூட்டத்தில் ஒரு கிழவரைத் தேடச் சொல்லுங்கள் பிள்ளைகளை. பீட்டர் இறந்த துக்கத்தில் ஊரே ஸ்பைடர்மேன் முகமூடி வாங்கும்போது, மைல்ஸுக்கு உடை விற்கும் கடைக்காரர் அவர். அளவு சரியில்லை என்றால் திருப்பித் தரலாமா என்று பையன் கேட்க, போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார். பின்னால் 'விற்றது திருப்பி எடுக்கப்படாது' என்று போர்டு தொங்குகிறது! குரல் ஸ்டான் லீயுடையது. படம் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு, 2018 நவம்பரில் அவர் காலமானார். அதே ஆண்டு ஜூனில் ஸ்டீவ் டிட்கோவும் போய்விட்டார். இருவருக்கும் கடைசியில் அஞ்சலி போட்டிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால், சண்டை முடிந்த பிறகு வரும் ஒரு சின்னக் காட்சியைத் தவறவிட வேண்டாம். முகமூடியோடு ஸ்பைடர்மேன் வந்து போலீஸ்காரர் ஜெஃபர்சனைக் கட்டிக்கொள்கிறான். நன்றி சொல்கிறான். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமலே, 'ஐ லவ் யூ' என்கிறான். அப்பா 'என்னது?' என்று விழிக்கிறார்.

டைட்டில் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு 1967ஆம் வருட டி.வி. கார்ட்டூனுக்குள் ஒரு ஸ்பைடர்மேன் போய் நிற்கிறார். அந்தக் காலத்து ஸ்பைடர்மேனும் இவரும் ஒருவரையொருவர் விரல் நீட்டிக் குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். மீம்களில் நீங்கள் பல நூறு முறை பார்த்த அதே விரல்கள்தான்.